வெயிலில் நிறம் மாறும் அட்டை: புற ஊதாக் கதிரைக் கண்ணால் பார்க்க ஒரு செய்முறை

புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தோலில் சூடாகவும் உறைக்காது. "வெயில் சுள்ளென்று அடிக்கிறது" என்று சொல்லும்போது நாம் உணர்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்புக் கதிரும் தரும் வெப்பத்தைத்தான். குளிர்காற்று வீசும் மலையில் ஒரு பகல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தவர்களுக்கு, இரண்டு நாள் கழித்து மூக்குத் தோல் உரிவது இதனால்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிர் இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

இந்தக் கதிரைக் கண்ணுக்குக் காட்டும் ஒரு சிறிய அட்டையைச் செய்வது பற்றித்தான் இந்தக் கட்டுரை. அடர் நீலமாக இருக்கும் அட்டை, நடுப்பகல் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெளுத்துவிடும். பள்ளி ஆய்வகத்திலோ வீட்டு மேசையிலோ செய்துவிடலாம். மாணவர்களோடு செய்யும் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நிறம் மாறும் அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன்பு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அட்டையை நிறம் மாற வைப்பது சுலபம். அது புற ஊதாக் கதிரால்தான் மாறியது என்று நிரூபிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அதனால் கலவையைவிடச் சோதனைப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

மைக்குள் என்ன நடக்கிறது

மையில் நான்கு பொருள்கள்: ஒளிவினையூக்கி, சாயம், கிளிசரின், இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பசை.

ஒளிவினையூக்கி என்றால் ஒளி பட்டதும் வேதிவினையைத் தூண்டும் பொருள்; இங்கே அது டைட்டானியம் டை ஆக்சைடு. 1972-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், இதில் செய்த மின்முனைமீது ஒளி பட்டால் தண்ணீரைப் பிரிக்க முடியும் என்று காட்டிய பிறகு உலகமே திரும்பிப் பார்த்த வெள்ளைப் பொடி. அனடேஸ், ரூட்டைல் என்று இதற்கு இரண்டு முக்கியமான படிக வடிவங்கள் உண்டு. அனடேஸில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிட 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அலைநீளக் கணக்கில் 387 நானோமீட்டர், அல்லது அதற்குக் குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400-ல் தொடங்குகிறது. ஆக, இந்தப் பொடி தானாகவே ஒரு வடிகட்டி: புற ஊதா வந்தால் விழித்துக்கொள்ளும், சாதாரண வெளிச்சத்தில் தூங்கும்.

எலக்ட்ரான் கிளம்பிய இடத்தில் ஒரு மின்துளை மிஞ்சும். இரண்டையும் விட்டுவைத்தால் மறுபடி ஒன்று சேர்ந்து அடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் கிளிசரின். மின்துளையைக் கிளிசரின் நிரப்பிவிடுகிறது. அதில் கிளிசரின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து செலவாகிறது. தனித்து விடப்பட்ட எலக்ட்ரான் பக்கத்தில் இருக்கும் சாயத்துக்குப் போகிறது. எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட அந்த நீலச் சாயம், மெத்திலீன் ப்ளூ, நிறமிழக்கிறது. இவ்வளவுதான் சங்கதி.

பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பாலில் மெத்திலீன் ப்ளூ விட்டு, எவ்வளவு நேரத்தில் நீலம் போகிறது என்று பார்ப்பார்கள். அங்கே எலக்ட்ரானைக் கொடுப்பது பாக்டீரியா, இங்கே வெயில்.

வாங்க வேண்டியவை

மெத்திலீன் ப்ளூ, வண்ணமீன் கடையில் சொட்டு மருந்தாகவே கிடைக்கும். லேபிளில் எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் 1 சதவீதக் கரைசல் என்று வைத்துக்கொள்கிறேன். கிளிசரின் மருந்துக்கடையில் கிடைக்கும். பசைக்கு ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் நல்லது. ஷாம்பூ செய்பவர்கள் கெட்டித்தன்மைக்காக வாங்கும் பொடி இது. கிடைக்கவில்லை என்றால், ஒரு நாள் செய்து காட்டுவதற்கு மட்டும் மெல்லிய கஞ்சிப் பசை போதும். இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

டைட்டானியம் டை ஆக்சைடில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நானும் முதல் முறை பெயின்ட்டுக்கான வெள்ளைப் பொடியை வாங்கி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தும் நீலம் அசையாமல் நின்றதைப் பார்த்துக் குழம்பினேன். காரணம் எளியது. பெயின்ட் நிறமி பெரும்பாலும் ரூட்டைல். போதாததற்கு, அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளுக்கும் மேலே சிலிக்கா, அலுமினா பூச்சு போட்டிருப்பார்கள். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் இதே ஒளிவினை சுவரில் அடித்த பெயின்ட்டையே தின்றுவிடும்! சன்ஸ்க்ரீனில் போடுவதும் இப்படிப் பூச்சு போட்டதுதான். நமக்கு வேண்டியது பூச்சு இல்லாத அனடேஸ். ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது 'பி25' என்ற பெயரில் வரும் நுண்பொடி. நான்கு பங்கு அனடேஸும் ஒரு பங்கு ரூட்டைலும் கலந்தது. வேதிப்பொருள் கடையில் "அனடேஸ், கோட்டிங் இல்லாதது" என்று கேட்டு வாங்குங்கள்.

டைட்டானியத்தின் மூலம் நமக்குத் தூரத்தில் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருப்பாக ஒதுங்கும் மணலில் இருப்பது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. கருப்பு மணலிலிருந்து இவ்வளவு வெள்ளையான பொடி வருகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இவை தவிர, 0.01 கிராம் காட்டும் சிறிய நகைத் தராசு, ஊசி இல்லாத சிரிஞ்சு, கண்ணாடிக் கம்பி, செல்லோ டேப், ஓ.ஹெச்.பி. ஷீட் (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்), சமையலறை அலுமினிய ஃபாயில். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். டைட்டானியம் டை ஆக்சைடு நுண்தூளை மூச்சில் இழுப்பது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தண்ணீரில் கலந்த பிறகு அந்தக் கவலை இல்லை. பொடியாக இருக்கும்போதுதான் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கவசம் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். மெத்திலீன் ப்ளூ பட்டால் சட்டை, தரை, விரல் எதுவும் தப்பாது. குழந்தைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலக்குவது

1 கிராம் செல்லுலோஸ் பொடியை 2 கிராம் கிளிசரினில் முதலில் குழைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகத் தண்ணீரில் கொட்டினால் ரவை கட்டி தட்டுவதுபோல உருண்டு நிற்கும், பிறகு எத்தனை மணி நேரம் கிண்டினாலும் கரையாது. குழைத்ததை 20 மில்லி தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிண்டி, மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தெளிந்த ஜெல்லாக இருக்கும். வெறுமனே கொதிக்க வைத்து வடிகட்டிய நீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும்.

அந்த ஜெல்லை இரண்டு பாதியாகப் பிரித்து ஒரு பாதியை எடுத்து வையுங்கள். அது டைட்டானியம் இல்லாத மைக்கு. ஏன் என்று பிறகு புரியும். மற்ற பாதியில் 0.1 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு போட்டு நன்றாகக் கலக்குங்கள். தனித் துகளாகப் பிரிய நேரம் எடுக்கும். மூடிய புட்டியில் பத்து நிமிடம் குலுக்குவது எளிய வழி. மருத்துவக் கருவியோ நகையோ சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. கடைசியாக இரண்டு பாதியிலும் அரை மில்லி மெத்திலீன் ப்ளூ. இந்தக் கட்டத்திலிருந்து ஜன்னலோரம் வேலை செய்யாதீர்கள். எல்.இ.டி. விளக்கின் கீழ் செய்தால் கவலை இல்லை, அதில் புற ஊதா கிட்டத்தட்ட கிடையாது.

பூசுவது

ஓ.ஹெச்.பி. ஷீட்டை மேசையில் விரித்து, இரண்டு ஓரத்திலும் செல்லோ டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். நடுவே மையை ஒரு கோடாக ஊற்றி, கண்ணாடிக் கம்பியை இரண்டு டேப்பின் மேலும் படும்படி வைத்து ஒரே இழுப்பாக இழுங்கள். டேப்பின் தடிமன்தான் மையின் தடிமன். இரண்டு அடுக்கு என்றால் சுமார் 100 மைக்ரான். தூரிகையால் பூசினால் ஒரு இடம் கனமாகவும் ஒரு இடம் மெலிசாகவும் போய், எங்கே வெளுத்தது எங்கே முதலிலேயே மெலிசு என்று சொல்ல முடியாது. இருட்டு அலமாரியில் காயவிட்டு, தபால்தலை அளவில் வெட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தாளில் பூசலாமே என்று தோன்றும். வேண்டாம். இப்போதைய ஏ4 தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதாவை உறிஞ்சி நீலமாக ஒளிரும். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கை ஏ4 தாளின்மேல் காட்டினால் பளீரென்று தெரியுமே, அதுதான். அளவிட வந்த கதிரை அது நடுவிலேயே பிடுங்கிக்கொள்ளும்.

ஷீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓ.ஹெச்.பி. ஷீட் பாலியெஸ்டர், அது சுமார் 315 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கதிரை, அதாவது புற ஊதா பி வகையை (அதற்கு மேலே 400 வரை உள்ளது ஏ வகை), தடுத்துவிடும். ஆகவே மை பூசிய பக்கம்தான் எப்போதும் வானத்தைப் பார்க்க வேண்டும்.

நான்கு துண்டு சோதனை

நான்கு துண்டுகளை ஒரே அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். முதலாவது முழு மை, திறந்தபடி. இரண்டாவதும் முழு மை, ஆனால் ஃபாயிலால் மூடியது. மூன்றாவது டைட்டானியம் போடாத மை. நான்காவது முழு மை, அதன்மேல் பாலிகார்பனேட் மூக்குக்கண்ணாடி வில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நடுப்பகல் வெயிலில் வையுங்கள்.

முதல் துண்டு சில நிமிடங்களில் வெளுக்க வேண்டும். இரண்டாவது அதே சூட்டில்தான் இருக்கிறது. அது நீலமாகவே நின்றால், வெப்பம் காரணமில்லை என்று தெரிந்துவிடும். மூன்றாவது கொஞ்சம் மங்கலாம், ஏனென்றால் மெத்திலீன் ப்ளூ 660 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பு ஒளியை உறிஞ்சித் தானாகவும் மெல்லச் சிதையும். முதல் துண்டுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வேறுபாடுதான் ஒளிவினையூக்கியின் வேலை. நான்காவது மிக முக்கியம். பாலிகார்பனேட் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு 380 வரையிலான புற ஊதாவை நிறுத்திவிடும். அந்தத் துண்டு நீலமாகவே நின்றாலோ மிக மெதுவாக மட்டும் மங்கினாலோதான் "இது புற ஊதா உணரி" என்று நீங்கள் சொல்லலாம். மூன்றும் நான்கும் இல்லாமல் ஒரே ஒரு துண்டை வெயிலில் காட்டி வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அழகான சோதனை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

வெயில் இல்லாத நாளில் டார்ச் வைத்துச் சோதிக்க நினைத்தால் அலைநீளத்தைப் பாருங்கள். மலிவான 'யுவி டார்ச்' பலவும் 395 நானோமீட்டர். ஊதா நிறமாக நன்றாக மின்னும், ஆனால் அனடேஸுக்கு அது எட்டாது. 365 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். தண்ணீர் சுத்திகரிப்பானில் வரும் கிருமிநாசினி விளக்கைக் கழற்றிப் பயன்படுத்த வேண்டாம். அது 254 நானோமீட்டர் கதிர். கண்ணின் கருவிழியைச் சுட்டுவிடும்.

சரி, வெளுத்த துண்டை நிழலுக்கு எடுத்து வந்து பாருங்கள். நீலம் திரும்ப வரும்! காற்றிலிருக்கும் ஆக்சிஜன், சாயம் வாங்கிய எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. பூச்சின் தடிமனையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்துச் சில நிமிடங்களோ அதற்கும் மேலோ ஆகும். உணவுப் பொட்டலத்துக்குள் காற்று புகுந்துவிட்டதா என்று காட்டும் மை இதே பண்பை வைத்து உருவானது: பொட்டலத்தை மூடியதும் புற ஊதாவால் வெளுக்க வைப்பார்கள்; ஓட்டை விழுந்தால் நீலம் திரும்பும். ஒரே துண்டைப் பலமுறை பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கிளிசரினும் சாயமும் கொஞ்சம் செலவாவதால், முதல் முறை வெளுத்த வேகத்தையும் ஐந்தாவது முறை வெளுத்த வேகத்தையும் ஒப்பிடாதீர்கள்.

திரும்பி வராத நிறம் வேண்டுமென்றால்

நாள் முழுக்க எவ்வளவு கதிர் விழுந்தது என்று கூட்டிக் காட்டும் அட்டைக்கு மெத்திலீன் ப்ளூ சரிப்படாது. அதற்கு ரெசாசுரின் என்ற வேறொரு சாயம். நீலமாக இருக்கும் ரெசாசுரின் எலக்ட்ரானை வாங்கியதும் இளஞ்சிவப்பாகிவிடும், அந்த இளஞ்சிவப்பு காற்றுப் பட்டுத் திரும்பாது. மேலும் கதிர் விழுந்தால் அதுவும் வெளுத்துப் போகும். ஆகவே நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று வரிசையாகப் படிக்கலாம். 0.1 கிராமை 10 மில்லி நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, மெத்திலீன் ப்ளூவுக்குப் பதிலாக அதே அரை மில்லி சேருங்கள்.

இந்த மை முதலில் பெயர் வாங்கியது தலைகீழான வேலைக்கு. வேதியியலாளர் ஆண்ட்ரூ மில்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும், டைட்டானியம் போடாத ரெசாசுரின் மையைத் தானே சுத்தமாகும் ஜன்னல் கண்ணாடியின்மேல் பூசினார்கள். கண்ணாடியின் பரப்பிலேயே கண்ணுக்குத் தெரியாத டைட்டானியம் படலம் இருக்கிறது. புற ஊதாவைக் காட்டினால் மை நிறம் மாறுகிறதா என்று பார்த்து, அந்தப் படலம் வேலை செய்கிறதா என்று நிமிடங்களில் சொல்லிவிடலாம். 2018-ல் இந்த முறை ஐ.எஸ்.ஓ. 21066 என்ற தரமாகவும் வந்துவிட்டது.

நிறத்தை எண்ணாக்குவது

கண்ணை நம்பாமல் கைபேசியை நம்பலாம். அட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, வொயிட் பேலன்ஸை மாறாமல் நிறுத்தி, பத்து நொடிக்கு ஒரு படம், ஒரே நிழலில். படத்தில் நிறத்தின் சிவப்பு மதிப்பை எடுத்து, வெள்ளைத் துண்டின் சிவப்பு மதிப்பால் வகுங்கள். நீலச் சாயம் சிவப்பு ஒளியைத்தான் விழுங்குகிறது. அது குறையக் குறைய சிவப்பு மதிப்பு ஏறும். நேரத்துக்கு எதிராக வரைந்தால் முதலில் நேராக ஏறி, பிறகு தட்டையாகும். நேராக இருக்கும் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

யுவி-ஏ மீட்டர் இரவல் கிடைத்தால் அட்டையை உண்மையான அலகுக்குக் கொண்டுவரலாம். மீட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் காட்டினால், 60 நொடியில் விழுந்தது 300 மில்லிஜூல். மாற்றம் வேகமாக நடந்து முடிந்துவிட்டால் சாயத்தைக் கூட்டுங்கள் அல்லது டைட்டானியத்தைக் குறையுங்கள். கிளிசரினைக் கூட்டினால் வேகம் ஏறும், ஆனால் கடலோர ஊர்களில் அது காற்றின் ஈரத்தை இழுத்து அட்டை பிசுபிசுக்கும். ஈரம் மாறினால் வேகமும் மாறும் என்பதால், அளவுகோல் தயாரித்த அன்றைய வானிலையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தோலுக்கு இது என்ன சொல்லும், என்ன சொல்லாது

இங்கே மிகவும் கவனம் தேவை. வானிலை அறிக்கையில் வரும் யுவி குறியீடு 1992-ல் கனடாவில் தொடங்கியது. அது தோல் சிவப்பதை மையமாக வைத்த கணக்கு. 298 நானோமீட்டரில் தோல் எவ்வளவு சிவக்குமோ, அதில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் 328-ல். நம் டைட்டானியத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. 387-க்குக் கீழே எது வந்தாலும் அது வேலை செய்யும். தரையை அடையும் புற ஊதாவில் ஏறக்குறைய 95 சதவீதம் ஏ வகை என்பதால், அட்டை காட்டுவது பெரும்பாலும் அதைத்தான்.

அதனால்தான் பஸ் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலும் அட்டை வெளுக்கும். சாதாரணக் கண்ணாடி பி வகையைத் தடுத்து, ஏ வகையைப் பெருமளவு உள்ளே விடுகிறது. அங்கே தோல் சட்டென்று சிவக்காது. ஆனால் ஏ வகை தோலுக்குள் ஆழமாகப் போய்ச் சுருக்கம் விழ வைக்கும் கதிர் என்பதால் அட்டை சொல்வதும் பொய்யில்லை. காலை எட்டு மணிக்கும் நடுப்பகலுக்கும் இடையில் பி வகை, ஏ வகையைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். "அட்டை வெளுக்கவில்லை, இன்னும் நிற்கலாம்" என்று யாரும் இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தோலுக்கு இன்னும் நெருக்கமான உணரி வேண்டுமென்றால் டைட்டானியத்துக்குப் பதில் வெள்ளீய டை ஆக்சைடு போட்டுப் பாருங்கள். அதற்கு 3.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அதாவது 344 நானோமீட்டருக்குக் கீழே மட்டும் விழிக்கும். வேகம் குறையும், ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் மாற்றம் வெகுவாகக் குறைவதைக் காணலாம்.

சன்ஸ்க்ரீனைச் சோதிக்க ஆசை வரும். அட்டைமேல் நேராகத் தடவினால் மை கரைந்துவிடும். மெல்லிய பாலித்தீன் தாளில் தடவி, அதை அட்டைமேல் போர்த்துங்கள். பக்கத்தில் தடவாத பாலித்தீன் போர்த்திய துண்டு ஒன்று. பாலித்தீன் புற ஊதாவை நன்றாக விடும், பாலியெஸ்டர் பி வகையை விடாது.

முடிந்தால் ஒரு துண்டை வேப்பமர நிழலிலும், ஒன்றைக் குடைக்கு அடியிலும், ஒன்றைத் திறந்த மொட்டைமாடியின் சுவர் நிழலிலும் வைத்துப் பாருங்கள். சுவர் நிழல் துண்டு வேகமாகவே மாறும். குறைந்த அலைநீளக் கதிர் காற்றில் அதிகம் சிதறுவதால், புற ஊதாவில் கணிசமான பங்கு நீல வானத்திலிருந்தே வருகிறது. சூரியனை மறைத்தால் போதாது, வானத்தையும் மறைக்க வேண்டும். மரம் அதைச் செய்கிறது, சுவர் செய்வதில்லை. மிஞ்சிய மையைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு பழைய துணியில் ஊற்றிக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மிஞ்சிய துண்டுகளை ஃபாயிலில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் அடைத்துத் தேதி எழுதுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது முதல் வேலை, ஒரு துண்டை எடுத்து மறுபடி நான்கு துண்டு சோதனை.